குறை சொல்லி விற்ற சம்புடங்கள்

மொத்த விலைக்கு வாங்கிய சரக்கை வீட்டிலிருந்தபடியே இணையத்தில் விற்கும் தொழிலில், வாங்குபவர் பொருளைத் தட்டிப் பார்ப்பதில்லை. நம் சொல்லைத்தான் தட்டிப் பார்க்கிறார். இதே தொழிலில் அல்லற்படும் அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரே தாலாட்டு நாச்சியாபுரத்தில் எப்படிப் பாடப்படுகிறது, கண்டரமாணிக்கத்தில் எப்படி மாறுகிறது என்று ஊர் ஊராகச் சென்று பதிவுசெய்வதே என் வேலையாக இருந்தது. பணி ஓய்வுக்குப் பின், காரைக்குடியில் என் மனைவி அலமேலு எங்கள் வீட்டுக் கூடத்தில் தொடங்கியிருந்த எவர்சில்வர் வியாபாரத்தில் சேர்ந்தேன். கொள்முதல் அவள் பொறுப்பு; படம் எடுத்து, விவரம் எழுதி, வாட்ஸ்அப் குழுக்களில் இடுவது என் பொறுப்பு. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூடிபோட்ட சம்புடங்களை மதுரையிலிருந்து முதன்முறையாகப் பெருமளவில் எடுத்திருந்தாள். தை மாதத் திருமணங்களுக்குள் அவை விற்றுப்போகாவிட்டால் வியாபாரத்தையே விட்டுவிடுவது என்பது அவள் முடிவு.

விலை கேட்டவர்

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை விலை கேட்டார். எழுதினால் சுருங்கிவிடும் என்று குரல்பதிவாக அனுப்பினேன். எந்த ஊரில் இதில் முறுக்கு வைப்பார்கள், எந்த ஊரில் வடகம் வைப்பார்கள் என்பதையெல்லாம் முறையாகச் சொல்லி முடித்தபோது மனம் நிறைந்திருந்தது. பதில் வந்தது: "ஐயா, விலை எத்தனாவது நிமிசத்துல வருதுன்னு சொல்லிட்டீகன்னா, அங்குட்டிருந்து கேட்டுக்கிறேன்."

மதுரை அழைப்பு

மற்றவர்கள் மொத்த வியாபாரி தரும் பளபளப்பான படத்தையே எல்லோருக்கும் அனுப்புவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு பாட்டின் இரு வடிவங்களை ஒன்றெனக் காட்டாதவன், இரு சம்புடங்களை மட்டும் எப்படி ஒன்றெனக் காட்டுவது? ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தேன். "இதன் மூடி சற்று இறுக்கம். இதன் அடியில் மெல்லிய கீறல். இதன் இடப்பக்கம் சிறு நெளிவு" என்று எழுதினேன்.

ஒருவரும் வாங்கவில்லை. பதிவைப் பார்த்துவிட்டு மொத்த வியாபாரிதான் அழைத்தார்: "சார், நீங்க என் சரக்குக்கு ஏஜெண்டா, எதிர்க்கட்சியா?"

அலமேலுவின் தீர்ப்பு

மார்கழியிலும் பெட்டிகள் கூடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. எழுதியதையெல்லாம் நீக்கிவிடுகிறேன் என்று அலமேலுவிடம் சொன்னேன். அவள் நெளிந்த சம்புடத்தை எடுத்துத் துடைத்தாள். "அழிச்சா நெளிவு நிமிந்துருமாக்கும்? கெடக்கட்டும். வித்தா இப்படிச் சொல்லியே விப்போம், இல்லாட்டி மூடிருவோம்."

நெற்குப்பை ஆச்சி

தை பிறக்கும் தறுவாயில் நெற்குப்பையிலிருந்து ஓர் ஆச்சி அழைத்தார். மகளுக்குத் திருமணம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைக் கூடத்தில் பரப்பி வைப்பதும், மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொன்றாகப் பார்த்து வருவதும் வழக்கம். பரப்புவதற்கு எங்களிடமிருந்த அத்தனையும் வேண்டும் என்றார்.

அலமேலு கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கி, "நெளிஞ்சதுமா ஆச்சி?" என்று தயங்கிக் கேட்டாள்.

"அதுந்தான். எல்லாருந்தான் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு போடுறாக. எந்தப் பக்கத்தைச் செவுத்தோரமாத் திருப்பி வைக்கணுமுன்னு ஒங்க வீட்டுக்காரவுக ஒருத்தருதானே சொல்லியிருக்காக."

வாழ்நாளெல்லாம் வேறுபாடுகளைத் திரட்டிய எனக்கு, அவற்றை விலை கொடுத்து வாங்கவும் ஆள் உண்டு என்பது சம்புடம் விற்ற பிறகே தெரிந்தது.