உப்பு அரித்த மூக்கு

தேவாலயத்தின் கல்தரையில் பெரில் ரூக் மல்லாந்து படுத்திருக்கிறாள். கையில் சைக்கிள் விளக்கு. அதைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால்தான் தேய்ந்துபோன செதுக்கல் நிழல் விழுந்து தெரியும். நேராக அடித்தால் வெறுங்கல். போன வாரம் பூ அலங்காரம் செய்ய வந்த பெண்மணி, பிணம் கிடக்கிறது என்று அலறிக்கொண்டு ஓடிவிட்டாள். "செத்துக் கெடந்தா பூ வச்சிருப்பா. உயிரோட கெடந்ததுதான் அவளுக்குப் பிடிக்கல" என்றாள் பெரில், எழுந்திருக்காமலே.

வயது எழுபத்தொன்று. வட இங்கிலாந்தில், யார்க்ஷயரின் இந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் முப்பது வருடம் தபால் கொடுத்தவள். மழைக்கு ஒதுங்கிய தேவாலயங்களில்தான் இந்தக் கிறுக்குப் பிடித்தது. ஆயிரம் வருடத்துக்கு முன் எவனோ கொத்திய சிலுவைத் துண்டோ, தன் வாலையே கடித்துக்கொண்டு சுருண்ட மிருகமோ எங்காவது ஒரு மூலையில் கிடக்கும். இப்போது பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறாள். கோட்டின் ஒரு பையில் சீஸும் ஊறுகாயும் வைத்த ரொட்டி, மறு பையில் நோட்டு. அதில் ஒவ்வொரு தேவாலயத்துக்கும் மார்க் உண்டு. ஒன்றுக்குப் பத்துக்கு மூன்று, மிருகத்தின் தலைமேல் வேக்குவம் கிளீனரைச் சாத்தி வைத்ததற்காக. இன்னொன்றுக்கு முட்டை. அங்கே செதுக்கிய கல்லைப் பெயின்ட் டப்பா அடுக்கும் பலகைக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். "மியூசியத்துல வச்சா வரிசையில நின்னு பார்ப்பானுங்க. வீட்டு வாசல்ல இருந்தா வெளக்கமாத்தச் சாத்துவானுங்க. என்ன ஜென்மங்களோ!"

சொந்த ஊர்த் தேவாலயத்துக்கு மட்டும் மார்க் போடவில்லை. பேனாவை எடுத்தால் நோட்டையே கிழித்துவிடுவாளாம், அவ்வளவு ஆத்திரம்.

அங்கே வாசல் மண்டபத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு சிலுவைத் தூண் நிற்கிறது. மணற்கல். அதில் ஒரு வீரன்: கூம்புத் தொப்பி, அரையில் கத்தி, துளைபோட்ட இரண்டு கண், நடுவே சின்ன மேடாக மூக்கு. பெரிலுக்கு அவன் "நம்மாளு". நம்மாளின் முகத்தோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள், பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்க நடைபாதையில் தூவுகிற உப்பு மூட்டையை! மண்டபத்து ஈரத்தில் உப்பு கசிந்து கல்லுக்குள் ஏறுகிறது. காயும்போது மேல்பரப்பைப் பொருக்குப் பொருக்காகப் பிதுக்கித் தள்ளுகிறது. ஐந்து குளிர்காலமாக இந்த அநியாயம். இரண்டு கன்னமும் போய்விட்டன.

தேவாலயப் பொறுப்பாளர் நாரிஸ் ஆப்பிள்கார்த் கெட்டவராக இருந்தாலாவது திட்டித் தீர்த்துவிட்டுப் போகலாம். நல்ல மனுஷர், பெரிலோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை, அவர் மனைவி ஐவி அந்த நடைபாதையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இன்றைக்கும் வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். அன்றைக்கு உப்பு பின்னால் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. மறுநாளே நாரிஸ் அதை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரில் மூட்டையை எதிர்ப்பக்கம் இழுத்துவிடுவாள். ஞாயிறு விடிந்தால் அது பழைய இடத்தில் இருக்கும்.

"அந்தப் பக்கம் ஒழுகுது பெரில். உப்பு கட்டி தட்டிப்போகும்."

"மூடி போட்ட பெட்டி ஒண்ணு வாங்கி வெளிய வைடா."

"கமிட்டியில சொல்லியிருக்கேன்."

"அஞ்சு வருஷமாவா? முட்டையா அடைகாக்குறீங்க?"

"நீ விழுந்து பார்த்தாத்தான் தெரியும். கல்லுக்கு என்ன, இடுப்பா ஒடியப்போகுது?"

"மூக்கு இருக்குடா மடையா! மழை, இடி, சிலைய ஒடைக்கணும்னு சுத்தியலத் தூக்கிட்டு வந்த பக்திமான் எல்லாரையும் தாங்கி நின்னவன். ஒங்க கமிட்டியத்தான் அவனால தாங்க முடியல!"

இந்தச் சனிக்கிழமை அவள் போனபோது, மத்தியானக் கல்யாணத்துக்காக நாரிஸ் மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். நம்மாளின் முகத்தில் இரண்டு துளைதான் இருந்தது. நடுவே மழமழவென்று ஒன்றுமில்லை. தூணின் அடியில் உதிர்ந்து கிடந்த மஞ்சள் மணலை அவர் அப்போதுதான் குப்பை முறத்தில் தள்ளி முடித்திருந்தார்.

"வெறும் மணல்தான்..." என்று ஆரம்பித்தவர், அவள் பார்வை போன இடத்தைத் தானும் பார்த்தார்.

ஊரைக் கூட்டிக் கத்தப்போகிறாள் என்று அவர் நினைத்திருப்பார். பெரில் முறத்தை வாங்கி, காய்ந்த இலையையும் ஒட்டடையையும் விரலால் பொறுக்கி எறிந்தாள். பிறகு நாரிஸின் வலது கையைப் பிடித்து விரித்து, மணலை உள்ளங்கையில் கொட்டினாள். ஒரு ஸ்பூன்கூட இருக்காது.

"மூக்கு" என்றாள். "பிடிச்சுக்கோ."

அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

நாரிஸ் இடது கையால் உப்பு மூட்டையின் காதைப் பிடித்து வெளியே இழுத்தார். அது அசையவில்லை. இரண்டு கையும் வேண்டும். அவர் வலது கையைத் திறக்கவில்லை. அதை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் மறுபடியும் இழுத்தார்.