நைனாவின் மஞ்சள் நாக்கு

நைனாவின் நாக்கு ஒரு நாள் சிவப்பாக இருக்கும், கிளி எழுதிய நாளில் பச்சையாக இருக்கும், பெருமாளுக்கு உடை கட்டிய நாளில் பறங்கிப்பூ மாதிரி மஞ்சளாக இருக்கும். மத்தியானம் இலைக்கு முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தால் பூண்டு வாடை வீசும். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு பல் பூண்டுகூட உரித்திருக்க மாட்டோம். அப்பாவை நாங்கள் 'நைனா' என்றுதான் கூப்பிட்டோம். அவர் சாமிப் படம் எழுதுகிறவர். அந்தக் காலத்து வண்ணங்களைப் பற்றி இப்போது சிலர் உருகி உருகிப் பேசுவதைக் கேட்கிறேன். உருகட்டும். அவர்கள் வீட்டில் யாரும் அதைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரளவில்லை.

ஆரணியில் எங்களுக்கு முன் தெருவும் பின் தெருவும் பட்டுத் தறிக்காரர்கள். விடிந்தால் நாலு பக்கமும் தறிச் சத்தம். எங்கள் வீட்டில் மட்டும் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. நைனா விடியலில் குளித்து, கற்பூரம் ஏற்றி, கிழக்கு வாசலை ஒட்டி மணையைப் போட்டுக்கொண்டு உட்காருவார். விளக்கு வெளிச்சத்தில் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் மஞ்சள் வேலை முழுக்கக் காலை வெயிலில்தான், அதுவும் சாமி உடைக்கு வண்ணம் வைக்கிற நாளில் மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாத விரதம். பாதத்தில் ஆரம்பித்து மேலே மேலே போவார். கிரீடம் எழுதி முடிக்கும்வரை முகத்தில் கண் இருக்காது. எங்கேயாவது சிக்கிக்கொண்டால் பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டுப் புழக்கடைக்குப் போய் ஆட்டுக்குத் தழை போடுவார். திரும்பி வந்து பார்த்ததும் "ஆங், கையி நீளம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அழிப்பார். இதெல்லாம் நல்ல பழக்கங்கள். கெட்டது ஒன்றே ஒன்றுதான்.

தூரிகையை எங்கள் வீட்டில் 'குச்சி' என்போம். அணில் வால் மயிரை இறகுக் குழாயில் செருகிக் கட்டினது. வண்ணத்தில் தோய்த்தால் மயிர் பிரிந்துகொண்டு நிற்கும். அதை நாக்கில் வைத்து ஒரு சுழற்று சுழற்றினால் நுனி ஊசி மாதிரி கூடும். தண்ணீருக்கு நுனி சேராது, எச்சிலுக்குத்தான் சேரும் என்பது நைனாவின் பிடிவாதம், அவருடைய அப்பாவின் பிடிவாதம், அவர் அண்ணனின் பிடிவாதம். ஆனால் இது வெளியே தெரியக் கூடாது. எச்சில் பட்ட பண்டத்தைத் தெரு நாய்க்குப் போடக்கூட யோசிக்கிற ஊரில், பெருமாள் உடுத்தியிருப்பது எங்கள் நைனாவின் எச்சில் என்று தெரிந்தால் அந்தப் படத்தை எவன் வீட்டில் மாட்டுவான்? அதனால் காவலுக்கு என்னை வைத்திருந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. வாசலில் யாராவது திரும்பினால் நான் 'காத்து வருது' என்று சொல்ல வேண்டும். உடனே நைனாவின் நாக்கு உள்ளே போய்விடும். தண்ணீர் தொட்டு, குச்சியை இடது கட்டைவிரல் நகத்தில் உருட்டி, ஆசாரமே உருவாக உட்கார்ந்திருப்பார். வந்தவர் போனதும் மறுபடியும் நாக்கு.

அந்த வருஷம் அவருக்கு வயிற்றுவலி வந்தது. பகல் ஏறினால் வலி, வாந்தி, பிறகு ஒன்றுமில்லாதது போல எழுந்து உட்காருவார். உள்ளங்கை தோல் கரடுபோல் தடித்தது. விரல் நுனி மரத்துப்போய், கையிலிருந்து குச்சி விழுவதுகூடத் தெரியாமல் வெறுங்கையால் கோடு இழுத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். தெருவில் எல்லாரும் ஒரே பேச்சுப் பேசினார்கள்: சாமிப் படத்துக்குக் கண் எழுதித் திறக்கிற கைக்குத் தோஷம் வராமல் போகாது என்று. தாத்தா நாற்பதில் போனதும் அதனால்தானாம், பெரியப்பா அதற்கும் முன்னால் போனதும் அதனால்தானாம். நைனாவும் அதை நம்பினார், ஏதோ பட்டம் வாங்குகிறவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு. இப்போது நினைத்தாலும் எனக்கு எரிகிறது. ஒருவன் சாகக் கிடக்கிறான், ஏன் என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமி தலையில் பழியைப் போட்டுவிட்டு அவரவர் தறிக்குழியில் இறங்கிவிட்டார்கள்.

அம்மாதான் அவரை வண்டியில் ஏற்றிச் சந்தவாசல் வைத்தியரிடம் கூட்டிப்போனாள். நானும் போனேன். வைத்தியர் கையைத் திருப்பிப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், கிட்டே வந்து முகர்ந்து, பூண்டு தின்றாயா என்று கேட்டார். விரதம் என்றார் நைனா. வைத்தியர் நாக்கை நீட்டச் சொன்னார். அது மஞ்சளாக வெளியே வந்தது. என்ன இது என்று கேட்க, அம்மா முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு உண்மையையும், தாத்தா போனதையும், தெருவார் சொல்லும் தோஷத்தையும் சொல்லிவிட்டாள். நாங்கள் மஞ்சளுக்கு அரைத்த கல்லின் பெயர் அரிதாரம். அதையே வைத்தியர்கள் தாளகம் என்பார்களாம், விஷப் பாஷாணங்களில் ஒன்றாம், தின்றவன் வாயில் பூண்டு வாடை வீசுமாம்.

"மாசக்கணக்கா சுத்தி பண்ணி, அரிசி நுனி அளவு குடுக்கவே நான் பத்து தரம் யோசிப்பேன்" என்றார் வைத்தியர். "நீ வெறும் வயித்துல பச்சையா நக்கிகினு கீற. தோஷமாவது ஒண்ணாவது. உங்கப்பனக் கொன்னது அவன் நாக்குய்யா."

ஒரு மண்டலம் நாக்கில் படாமல் இருந்தால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் கை போகும், கால் போகும், பிறகு ஆளே போவான் என்று சொல்லி, மருந்துகூட அதிகம் தராமல் அனுப்பிவிட்டார்.

நைனா கேட்கவில்லை. வேறு மஞ்சள் வைத்தால் வருஷத்தில் வெளுத்துவிடும் என்றார். நகத்தில் உருட்டுவது ஆள் பார்க்க இரண்டு கோடு இழுக்க ஆகும், ஒரு முழுப் படத்துக்கு ஆகாது என்றார். அப்போது கையில் இருந்தது பின் தெரு ஏகாம்பரம் என்கிற தறிக்காரர் எழுதச் சொல்லியிருந்த பட்டாபிஷேகப் படம். ராமருக்கு உடை மஞ்சள். மேனிப் பச்சை, அவுரி நீலத்தில் அதே மஞ்சளைக் கலந்தது. பாதத்திலிருந்து முழங்கால் வரை வந்திருந்தது. மேலே இன்னும் எவ்வளவு மஞ்சள் இருக்கிறது என்று நான் தினம் சாண் போட்டுப் பார்ப்பேன். என் தம்பிக்கு அம்மா பால் மறக்கடித்துக்கொண்டிருந்த சமயம் அது. வேப்பிலை அரைத்து மார்பில் பூசியவள், மீதியைக் குச்சிகளிலும் பூசிவைத்தாள். தம்பி இரண்டு நாளில் விட்டுவிட்டான். நைனா முகத்தைச் சுளித்துக்கொண்டு வேப்பிலையையும் சேர்த்து நக்கினார்.

அந்த வாரம்தான் ஏகாம்பரம் தறிக்குழியில் இறங்கும்போது கால் மடங்கி முட்டிக்குக் கீழே எலும்பு முறித்துக்கொண்டார். கட்டுப் போட்டு, தறிப் பக்கம் போகக் கூடாது என்று உட்காரவைத்துவிட்டார்கள். சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். மகன்கள் தறியில் ஊடு நூல் எறிகிற ஒவ்வொரு எறிக்கும் குற்றம் சொல்லி வீட்டையே ரணகளமாக்கிக்கொண்டிருந்தார். அம்மா சொல்லி, உறையூற்ற மோர் வாங்க அங்கே போன நான், அதைப் பார்த்ததும் சட்டென்று ஒரு பொய் சொன்னேன்.

"மாமா, உங்க ராமருக்குப் பட்டு உடுத்தறாரு நைனா. மடிப்பு எப்டி விழும்னு அவருக்குத் தெரியலயாம். நீங்க வந்து கூட உக்காந்து சொன்னா தேவலயாம்."

நைனாவின் பல்லில் ஒட்டிய மஞ்சளை அவர் ஒரு முறை பார்த்தால் போதும், படம் போச்சு, எங்கள் பிழைப்பும் போச்சு. ஆனால் வெளியாள் கண் எதிரில் நைனா நாக்கை நீட்டியதே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த ஒன்றை நம்பித்தான் கூப்பிட்டேன்.

மறுநாள் காலை, விரதமாக மணையில் உட்கார்ந்து நைனா முதல் தோய் தோய்ப்பதற்குள், இரண்டு மகன்கள் கைத்தாங்கலாக ஏகாம்பரத்தைக் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் இறக்கிவிட்டு ஓட்டமாக ஓடிப்போனார்கள். அவர் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, பலகைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்தார்.

"இன்னா சித்திரக்காரரே, இது பட்டா, கோணியா? எங்க பட்டு இப்டியா மடியும்?"

நைனாவின் குச்சி நகத்துக்குப் போயிற்று. மத்தியானம் வரை நகத்திலேயே இருந்தது. கோடு ஒவ்வொன்றும் அரணாக்கயிறு மொத்தத்துக்கு விழுந்தது. ஏகாம்பரம் அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தார்: முழங்கால் வரைக்கும் நல்ல சேலம் பாவு நூல், அதற்கு மேலே மட்டமான முரட்டு நூல் என்று. நைனாவின் தாடை இறுகுவதையும் காது சிவப்பதையும் அடுப்பங்கரைக் கதவு இடுக்கில் அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு சொல்வதில் என்ன வெட்கம், அம்மா வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஏகாம்பரம் போனதும் நைனா என்னைக் கூப்பிட்டார்.

"காத்து வருதுன்னு சொல்லத்தானே உன்ன வெச்சேன். நீ காத்தக் கையப் புடிச்சு இட்டுகினு வந்துட்டியேடி."

"அவரு எதிர்ல மட்டும் எப்டி வாய மூடிகினு எழுதற?" என்றேன். "நெதம் வருவாரு. நான்தான் வரச் சொன்னேன்."

அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கிய கையில் குச்சி இருந்தது. அது நழுவிக் கீழே விழுந்ததும் அவருக்குத் தெரியவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கவில்லை.

ஏகாம்பரம் தினம் வந்தார். விடிந்ததும் வந்து, வெயில் உச்சிக்கு ஏறி நைனா குச்சியைக் கழுவும் வரை நகரமாட்டார். ராமருக்குக் கரை எத்தனை விரல் அகலம், சீதைக்குக் கொசுவம் எத்தனை, அனுமார் முந்தியைச் சொருகிய விதம் வேலை செய்கிறவன் சொருகுவது மாதிரியா என்று எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தார். நடுவில் தறிக்கார வீடுகளின் வம்பெல்லாம் சொன்னார். நைனா முதல் வாரம் வாயே திறக்கவில்லை. அடுத்த வாரம் பதிலுக்குப் பதில் பேச ஆரம்பித்தார். கோடு இடுப்புக்கு மேலே கொஞ்சம் இளைத்தது, மார்புக்கு வந்தபோது இன்னும் இளைத்தது. மத்தியானச் சாப்பாடு வயிற்றில் தங்கியது. இதையெல்லாம் நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை; சொன்னால் போய்விடுமோ என்று பயம்.

ஒரு நாள் ஏகாம்பரம் வரவில்லை. கட்டுப் பிரிக்க எலும்பு வைத்தியன் வந்திருந்தான் என்று பிறகு தெரிந்தது. நைனா மணையில் உட்கார்ந்தார். மஞ்சளைத் தோய்த்தார். குச்சி மேலே போயிற்று, வாய்க்கு நேராகப் போய் நின்றது. நான் நிலைப்படியில் நின்றிருந்தேன். 'காத்து வருது' என்று பொய்யாகச் சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அவர் என்னைப் பார்க்காமலே குச்சியை வண்ணச் சிரட்டைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த மனுசன் ஏன் இன்னும் வரல? போயி இட்டுகினு வா" என்றார். "ஜல்தியாப் போ."

அன்றைக்கு நான் ஓடிய ஓட்டத்தைப் போல அப்புறம் எந்த நல்ல செய்திக்கும் ஓடவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து, அம்மா கொண்டுவந்து வைத்த கஞ்சிச் சொம்பை எடுத்தவர் சட்டென்று கீழே வைத்தார். "சுடுது" என்றார். எத்தனையோ மாதமாக அவர் கைக்குச் சூடு தெரிந்ததில்லை. அம்மா அந்தச் சொம்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். தம்பி காரணம் தெரியாமல் கூடச் சேர்ந்து அழுதான். நைனா மறுபடியும் சொம்பைத் தொட்டுப் பார்த்து, கையை எடுத்து, மறுபடியும் தொட்டார்.

படத்துக்குக் கண் திறந்த நாளில் ஏகாம்பரம் வீட்டார் எல்லாரும் வந்திருந்தார்கள். குச்சி நகத்தில் ஒரே உருட்டு உருண்டு கண்ணுக்குப் போயிற்று. தோஷத்தைப் பற்றிப் பேசியவர்களும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு நான் பானகம் கொடுக்க மறுத்துவிட்டேன் என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்காட்டுவாள்.

இதெல்லாம் நடந்தது ஊரில் சீமை வண்ணம் கண்ணில் படாத காலம். இப்போது பட்டணத்திலிருந்து தகரப் பெட்டியில் வருகிறது. அரிதாரக் கல்லை விற்ற கடையில் இன்றைக்கு வேறு ஏதோ விற்கிறார்கள், நாக்கில் நுனி கூட்டுகிறவன் எங்கள் தெருவில் ஒருவனும் கிடையாது. போன மாசம் ஒருவர் வந்து அந்தப் பழைய மஞ்சளின் ரகசியம் என்ன, அது அழிந்துவிட்டதே என்று கண் கலங்கினார். அழிந்தது நல்லதாகப் போயிற்று என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தப் படம் இன்னும் பின் தெருவில்தான் மாட்டியிருக்கிறது. பாதத்திலிருந்து முழங்கால் வரை மடிப்புக் கோடுகள் மயிரிழை. முழங்காலுக்கு மேல் திடீரென்று கயிறு மொத்தம். அங்கிருந்து படிப்படியாக இளைத்து, கிரீடத்துக்குப் போகும்போது மறுபடியும் மயிரிழை. பார்க்கிறவர்கள் நடுவில் சித்திரக்காரன் தூங்கிவிட்டான் என்று சிரிப்பார்கள். ஏகாம்பரம் மாமாவுக்கு உண்மை கடைசி வரை தெரியாது. தான் கூடவே உட்கார்ந்திராவிட்டால் அந்தப் படம் முடிந்திருக்காது என்று சாகும்வரை ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் யாரும் அதை மறுத்ததில்லை.

நைனா எழுபது தாண்டி, எல்லாரையும் போல ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போனார். கடைசியில் வாயில் பால் விடும்போது நான்தான் தாடையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே பார்த்தேன். நாக்கு, நாக்கு நிறத்தில் இருந்தது.