என் மனுவும் அதன் கார்பன் பிரதியும்

ஐம்பதுகளின் கடைசியில் நான் பல்கலைக்கழக அலுவலகத்தில் தட்டச்சர். வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகள் எல்லாம் என் கை வழியாகத்தான் வெளியே போகும். குமாஸ்தா, நூலக உதவியாளர் என்று நான்கு வருடம் அடித்தேன். யார் யாரோ வந்து சேருவார்கள். நான் கார்பன் கறை படிந்த விரலோடு அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் ஓர் அறிவிப்பைப் பாதி அடித்ததும் நிறுத்திவிட்டேன். சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துக் குடும்பங்களை வீடு வீடாகப் போய் விசாரித்து எழுத ஓர் ஆராய்ச்சி உதவியாளர் தேவை. பள்ளிப் படிப்பு போதும். தமிழும் மலாயும் பேசத் தெரிய வேண்டும். எல்லாம் என்னிடம் இருந்தது. ஆண்களுக்கு மட்டும் என்று எங்கும் போட்டிருக்கவில்லை. அடித்தவளுக்குத் தெரியாதா?

அலுவலகத்தில் இருப்பவர்கள் மனுப் போட்டால் தலைமைக் குமாஸ்தா வழியாகத்தான் போக வேண்டும். அவரும் தமிழர்தான், அதற்காக எனக்கு ஒரு சலுகையும் கிடைத்ததில்லை. மனுவை நீட்டினேன்.

“உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? பொம்பளப்பிள்ள வீடு வீடா ஏறி இறங்குனா நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“அந்த நாலு பேரு வீட்டுக்கும்தான் சார் போகப்போறேன். என் காப்பியில சாப் குத்திக் குடுங்க.”

எந்தக் கடிதம் கொடுத்தாலும் கார்பன் பிரதியில் தேதி முத்திரை வாங்க வேண்டும் என்பது அவரே எனக்குப் போட்ட சட்டம். பழக்கதோஷத்தில் பார்க்காமலே குத்திக் கொடுத்தார்.

நேர்முகத் தேர்வுப் பட்டியலும் என்னிடம்தான் அடிக்க வந்தது. ஐந்து பெயர்கள், ஐந்தும் ஆண்கள். என் மனு அவருடைய மேசை இழுப்பறையைத் தாண்டவே இல்லை. ஆறாவதாக என் பெயரை நானே அடித்திருக்கலாம். ஆனால் திருட்டுத்தனமாக நுழைய நான் என்ன திருடியா?

தேர்வன்று ஐந்தாவது ஆள் வெளியே வந்ததும் கதவைத் தட்டி உள்ளே போனேன். ஏதோ கோப்பு கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து, வெள்ளைக்காரப் பேராசிரியர் மேசையைக் காட்டினார். அங்கே என் பிரதியை வைத்தேன். கடைசித் தேதிக்கு ஆறு நாள் முன்பே விழுந்த முத்திரை. அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தவர், பிறகு நாற்காலியைக் காட்டினார்.

“முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினால் என்ன செய்வீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“பின்சந்துக் குழாயடிக்குப் போவேன். நான் குடியிருப்பதும் அந்தத் தெருவில்தான். வீட்டுக் கதையைப் பெண்கள் அங்கேதான் சொல்வார்கள்,” என்றேன். குரலை நடுங்க விடவில்லை. அவர் எதையோ குறித்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, தலைமைக் குமாஸ்தா ஒரு தாளை என் மேசையில் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

“இத அடிச்சு வைம்மா.”

என் நியமனக் கடிதம். அதையும் நான்தானே அடிக்க வேண்டும்! ஒரு பிழையில்லாமல் அடித்து, கார்பன் பிரதியை அவர் முன்னால் வைத்தேன்.

“சார், சாப்.”

இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் குத்தினார்.