எஞ்சின் நம்பர் சரியாக இருந்தது

வில்லாபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெயபாண்டி பிறக்கும்போதே பயந்தவர் இல்லை. பயம் அவருக்குத் தொழிலில் வந்தது. விபத்து எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இன்சூரன்ஸ் படிவம் என்று ஊரார் கொண்டுவந்து நீட்டுவதையெல்லாம் இருபத்தேழு வருஷமாக நகல் எடுத்துக் கொடுக்கிறார். நகல் எடுப்பவன் படிக்கக் கூடாது என்று சட்டம் இல்லையே. படித்தார். ரோட்டுக்குப் போகிற மனுஷன் கடைசியில் காகிதமாகத்தான் திரும்பி வருகிறான் என்று அவருக்குத் தெளிவாகிவிட்டது. கார் ஓட்ட லைசென்ஸ் எடுத்தார். லேமினேட் பண்ணி பீரோவில் பூட்டினார். வெளியே போக டி.வி.எஸ். ஐம்பது, அதுவும் இருபது கிலோமீட்டர் வேகத்துக்குள்.

அவர் மனைவி முனீஸ்வரிக்கு ஓர் அண்ணன், மொக்கையன். ரெண்டு லாரிக்குச் சொந்தக்காரர். எந்த விசேஷமானாலும் பந்தியில் நாலு பேர் இருக்கும்போது, "எங்க மாப்ளைக்கு அம்பது சிசிக்கு மேல நெஞ்சு தாங்காதுப்பா" என்று ஆரம்பித்துவிடுவார். முனீஸ்வரி இருபது வருஷம் சிரித்துச் சமாளித்தாள். இந்தப் பொங்கலுக்கு மறுநாள், காய் நறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "எங்க அண்ணன் கண்ணு முன்னாடி ஒரே ஒரு நாளு நான் நம்ம கார்ல ஏறி உக்காரணும்ங்க. அம்புட்டுத்தான்."

அவள் சத்தம் போட்டிருந்தால் ஜெயபாண்டி கவலைப்பட்டிருக்க மாட்டார். மெதுவாகச் சொன்னதால் அன்றைக்கே கார் வாங்குவது என்று முடிவு செய்தார்.

புதுக் கார் வேகமாகப் போகும் என்பதால், விளம்பரம் எதையும் நம்பாமல் ஊரில் விசாரித்தே பழைய கார் தேடினார். சமயநல்லூரில் விருமாண்டி என்பவரின் ஷெட்டில் எழுபத்தெட்டாம் வருஷத்து அம்பாசடர் ஒன்று நின்றது. ஜெயபாண்டி காரை ஒரு பார்வைதான் பார்த்தார். ஆர்.சி. புத்தகத்தை ஒன்றரை மணி நேரம் பார்த்தார். வரி ரசீது, பெயர் மாற்றுவதற்கான இருபத்தொன்பதாம் நம்பர் படிவம், முப்பதாம் நம்பர் படிவம், ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எஞ்சின் நம்பர் மூன்று இடத்தில் எழுதியிருந்தது. மூன்றும் பிசகில்லாமல் ஒத்துப்போயின. பூரண திருப்தியோடு கையெழுத்துப் போட்டுக் கைகுலுக்கினார்.

"சாவியப் போட்டு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க தம்பி."

"எதைண்ணே?"

"வண்டியத்தான்."

விருமாண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எஞ்சினும் கியர்பாக்ஸும் இல்லாத வண்டிண்ணே இது. விளம்பரத்துலயே போட்டிருந்தேனே. நீங்க பானட்டத் தொறக்கவே இல்லையா, சரி, எல்லாம் தெரிஞ்ச பெரிய ஆளு போலன்னு நெனச்சேன்."

"எஞ்சின் நம்பர் இருக்கே தம்பி!"

"நம்பர் இருக்குண்ணே. எஞ்சின்தான் இல்ல."

"அப்ப அது எங்க?"

"நான் வாங்கும்போதே இல்ல. எங்கயாச்சும் ஓடிக்கிட்டிருக்கும்."

அன்று முதல் ஜெயபாண்டிக்குத் தூக்கம் போயிற்று. தன் காரின் எஞ்சின் முகம் தெரியாத எவனிடமோ இருந்துகொண்டு என்னென்ன செய்கிறதோ! மணல் அள்ளுகிறதோ, யாரை இடித்ததோ! கடை வாசலில் போலீஸ் ஜீப் வேகம் குறைத்தால் இவர் மெஷினுக்குப் பின்னால் குனிந்து டோனர் பார்த்தார்.

அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். முனீஸ்வரியிடம் எப்படிச் சொல்வது? மூன்றாம் நாள் தைரியத்தைத் திரட்டி, "முனீசு, அந்தக் கார்ல ஒரு சின்ன விசயம்..." என்று ஆரம்பித்தார்.

"சீட்டுக்கு டவல் வாங்கிட்டேங்க. ஞாயித்துக்கிழமை பாண்டி கோயில்ல பூசை. அண்ணன் குடும்பம் பூராம் வாராங்க. நீங்க என்னமோ சொன்னீகளே?"

"டவல் என்ன கலருன்னு கேட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில், சொந்தபந்தம் வருவதற்கு முன்பே விருமாண்டி தன் பெரிய வண்டியில் காரை ஏற்றிவந்து, மாட்டுத்தாவணிப் பக்கம் உள்ள கோயிலுக்கு எதிரில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். வெள்ளை பெயின்ட், மாலை, கண்ணாடியில் குங்குமம். பார்க்க ராஜா மாதிரி நின்றது. ஜெயபாண்டி பானட்டின் மேல் கையை ஊன்றியபடி காவல் நின்றார். உள்ளங்கை வியர்த்து பெயின்ட்டில் ஒட்டியது.

மொக்கையன் காரை ஒரு சுற்றுச் சுற்றி, டயரைக் காலால் தட்டினார். "தகரம் கனமாத்தான் இருக்கு மாப்ள. ஸ்டார்ட் பண்ணு, சத்தத்தக் கேப்போம்."

"கோயில்ல சத்தம் போடக் கூடாது மச்சான்."

அந்த நேரம் நாலு பக்கமும் மேளமும் குலவையும் காதைப் பிளந்துகொண்டிருந்தன.

பூசாரி வந்தார். நாலு டயருக்கும் ஸ்டீயரிங்குக்கும் சந்தனம் வைத்தார். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு விரலில் சந்தனத்தோடு நிமிர்ந்து, "பானட்டத் தொறங்க. எஞ்சினுக்கு வைக்கணும்ல?" என்றார்.

வருஷாவருஷம் ஆயுத பூஜைக்குத் தன் ஜெராக்ஸ் மெஷினுக்குத் தானே பொட்டு வைக்கிற மனுஷன், இதை மட்டும் மறந்துபோனார். கையை எடுப்பதற்குள் மொக்கையன் பானட்டைத் தூக்கிவிட்டார்.

எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் தரை தெரிந்தது. தரையில் நின்ற கோழி ஒன்று அண்ணாந்து எல்லாரையும் பார்த்துவிட்டுப் போனது.

"எங்கப்பா வைக்கிறது?" என்றார் பூசாரி.

ஜெயபாண்டி சட்டைப் பையிலிருந்து ஆர்.சி.யின் லேமினேட் செய்த நகலை எடுத்து நீட்டினார். "எஞ்சின் நம்பர் இந்தா இருக்கு சாமி. சரியா இருக்கு." பூசாரிக்கு அடுத்து மூன்று வண்டிகள் காத்திருந்தன. நம்பர் மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தார்.

மொக்கையன் சிரித்த சிரிப்பில் துண்டு கீழே விழுந்தது. சொந்தபந்தம் பூராவும் முனீஸ்வரியைப் பார்த்தது. அவள் எஞ்சின் இல்லாத பானட்டுக்குள் கொஞ்ச நேரம் பார்த்தாள். கணவனைப் பார்க்கவே இல்லை. பிறகு பின்கதவைத் திறந்து, டவலைச் சரிசெய்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, சிரிச்சது போதும். பின்னாடி போயித் தள்ளு."

"என்னாத்தா... நானா?"

"தங்கச்சி மொத மொதல்ல கார் ஏறிருக்கேன். பழம் நசுங்காம எறங்கக் கூடாது. பொறந்த வீட்டுச் சீரா நெனச்சுத் தள்ளு. முடியாதுன்னா சொல்லிரு, இந்தா எல்லாரும் நிக்கிறாங்க."

பாண்டி முனி சன்னிதியில், அத்தனை சொந்தத்துக்கு முன்னால், தங்கச்சிக்குச் சீர் செய்ய முடியாது என்று எந்த அண்ணன் சொல்வான்? மொக்கையன் வேட்டியை மடித்துக் கட்டினார். மகன்களையும் கூப்பிட்டார். "ஏலேய், தோளக் குடுங்கடா!"

ஜெயபாண்டி முன்சீட்டில் ஏறி ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பழம் நாலும் பட்டென்று நசுங்கின. மூச்சு வாங்கலும் முனகலுமாக அம்பாசடர் நகர்ந்தது. வெளியே குலவை போட்டார்கள். முனீஸ்வரி ஜன்னல் வழியே எல்லாரையும் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினாள், கலெக்டர் சம்சாரம் மாதிரி. பிறகு அதே சிரிப்போடு, உதடு அசையாமல், கணவர் காதுக்குப் பின்னால் மெதுவாகச் சொன்னாள்:

"வீட்டுக்குப் போயிப் பேசிக்கிருவோம்."

எதிரே இறக்கம் ஆரம்பித்தது. ஜெயபாண்டி பிரேக்கை மிதித்தார்; அது தரைவரை போய்த் தொட்டது, வண்டி நிற்கவில்லை. இருந்தும் இறக்கம் அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. முனீஸ்வரி பின்னால் இருந்தாள்.