விண்கலத்துக்கு மூளை தேடிக் கொடுத்தவன்

என்னை முதலில் மாட்டிவிட்டவர் தவராசா மாஸ்டர். றேடியோ திருத்துவது மரியாதையான தொழில்தான். ஆனால் யுத்த காலத்தில், கல்லடியில், வயரும் பற்றரியும் வைத்துப் பிழைத்தவனை எல்லாரும் ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள். படித்தவர்களின் யோசனைக்குத் தங்கள் உடம்பைக் கொடுத்துப் பட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்வது விளங்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மாஸ்டர் விஞ்ஞானம் படிப்பிப்பவர்.

புதுசு வேண்டாம்

பாலத்துக்கு அங்கால் உள்ள பட்டணத்தில், எங்கள் பேச்சில் ரவுணில், பள்ளிக்கூடங்களின் விஞ்ஞானக் கண்காட்சி வருகிறது, நான் விண்கலம் ஒன்று செய்து வைக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு மாஸ்டர் என் கடைக்கு வந்தார். உடம்பு மட்டையும் வெள்ளித்தாளும். மூளை மட்டும் அசலாக இருக்கவேண்டுமாம். தொண்டு நிறுவனம் ஒன்று கழித்துவிட்ட கொம்பியூட்டர்கள் சில என் கடை மூலையில் கிடந்தன. அதற்குள் இருக்கும் மூளையைப் புரொசெசர் என்பார் மாஸ்டர். இருந்ததில் புதியதைக் கழற்றிக் கொடுத்தேன். கையால் தள்ளிவிட்டார். மேலே கதிர்வீச்சு வெடி மாதிரி வந்து அடிக்குமாம். புதியதற்குள் ஓடுகிற கோடுகள் மயிரைவிட மெல்லிசு, ஒரு அடி பட்டாலே கணக்குப் பிசகும். பழையதற்கு வேகம் குறைவு, கோடு தடிப்பு, ஆகவே தாங்கும் என்றார். நான் குப்பையைக் கிளறினேன்.

காத்தான்குடிப் புடவை வியாபாரி ஹனிபா காக்கா தன் றேடியோவுக்காகக் காத்துக்கொண்டு இருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மாஸ்டர், பழசுதான் தாங்குமெண்டா, ரெண்டு பெருநாளா விலைப்படாத சாரன் என்ட கடையில கிடக்கு. அதையும் மேல அனுப்ப ஏலுமா?”

ஒன்று போதாது

மறுகா ஒருநாள் வந்த மாஸ்டர் ஒரே சாதியில் மூன்று மூளை வேண்டும் என்றார். மூன்றும் ஒரே கணக்கைச் செய்யுமாம். கதிர் பட்டு ஒன்று பிழையாகச் சொன்னால், மற்ற இரண்டும் சொல்வதை விண்கலம் எடுத்துக்கொள்ளும். இன்னும் இரண்டு பெட்டிகளை உடைத்துத் தேடினேன். விற்கக்கூடிய சாமான்கள் அதில் வீணானதை மாஸ்டர் கவனிக்கவில்லை.

வாவியில் தோணி வலிக்கும் மயிலர் அப்போது கடையில் இருந்தார். “ரெண்டு பேர் சேந்து பொய் சொன்னா, உண்மை சொன்னவன்ட கதி என்ன?” என்று கேட்டார். விண்வெளியில் அப்படி நடப்பது மிக அபூர்வம் என்றார் மாஸ்டர். மயிலர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். “அது மேல, மாஸ்டர். நான் இஞ்ச கேக்கிறன்.”

எலும்பு

சோதிக்காமல் வைப்பது விஞ்ஞானம் இல்லை என்று மாஸ்டருக்கு ஒரு எண்ணம் வந்தது. எங்கள் பக்கத்தில் கதிர் இருந்தது ஆஸ்பத்திரி எக்ஸ்றே அறையில்தான். அங்கே படம் எடுப்பவர் மாஸ்டரிடம் படித்தவர், மறுக்க முடியவில்லை. கழிவுப் படத்துண்டு ஒன்றில் மூன்றையும் வைத்து எடுத்தார். வரிசையில் கைமுறிந்த கிழவர் ஒருவர் இருந்தார். அவருக்கு முன்னால் நான் குனிந்த தலையோடு நின்றேன்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எடுத்தவர் சொன்னார்: “முறிவு ஒண்டும் இல்ல சேர். கூட்டிட்டுப் போகலாம்.”

பாலத்தடி

கண்காட்சிக்கு முதல் நாள் சாமானை ரவுணுக்குக் கொண்டுபோனோம். மாஸ்டர் வெள்ளைச் சேட்டு போட்டிருந்ததால் பெட்டி என் சைக்கிள் கரியலில். பாலத்தடியில் ஆமி காவல் நிற்கும் சென்றியில் அவரை உடனே விட்டார்கள். என் பெட்டியைத் திறந்தால், வயர் பிணைத்த மூன்று மூளை, அவற்றின் எக்ஸ்றே படம், வெள்ளித்தாள் சுற்றிய கூர் மூக்குச் சாமான். இது என்ன என்று ஆமிக்காரன் கேட்டான். எனக்குத் தெரிந்த ஒரே சொல் வாயில் வந்தது. “ரொக்கெட்” என்றேன்.

முன்னால் போன மாஸ்டரைக் காட்டி, அவரோடு வந்தவன் என்றேன். அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மாஸ்டர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தெரியாது என்றார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் மண்மூட்டைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். பின்னேரம் அவர்களின் பெரியவர் வந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பெட்டியை வைத்துக்கொண்டு, கிழமைக்கு ஒருமுறை வந்து கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் புத்தி சொன்னார்: “ரொக்கெட் சொல்ல வேணாம். றேடியோ சொல்லு. வீட்டுக்கு போ.”

தேத்தண்ணி

கையெழுத்துப் போடுகிறவன் கடைக்கு யார் வருவார்கள்? ஹனிபா காக்காவும் ஆளனுப்பி றேடியோவை எடுத்துக்கொண்டார். என்னைத் தெரியுமென்று அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் வந்து சொன்னால் விட்டுவிடுவோம் என்றார்கள் சென்றியில். மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். இருக்கச் சொல்லி, தேத்தண்ணியும் தந்தார்.

“நான் உத்தியோகக்காரன் தம்பி, பிள்ளை குட்டி இருக்கு” என்றார். எனக்கும் இருந்தன. அவர் வகுப்பிலேயே ஒன்று இருந்தது. கோப்பையை வைத்துவிட்டு எழும்பினேன். வாசல் வரை வந்தவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “கண்காட்சிய ஒத்திவச்சிட்டாங்க. அந்த மூண்டையும் திருப்பித் தந்தாங்களா?”

சென்றி போய்விட்டது, பாலமும் புதிதாகிவிட்டது, கேட்பதற்கு இப்போது அங்கே ஒருவரும் இல்லை. ஆனாலும் “இவரை எனக்குத் தெரியும்” என்று மாஸ்டர் அந்த இடத்தில் வந்து நின்று சொல்லவேண்டியது இன்னும் பாக்கி.