பதினாறாம் நாள் வெச்ச டெஸ்ட்

தேவநாதப் பெருமாள நம்பி இருக்குற எல்லாருக்கும் என் நமஸ்காரம். இத எழுதச் சொல்லி எங்க வீட்டுக்காரர் மூணு வருஷமா சொல்லிக்கிட்டே இருக்காரு. எனக்குத்தான் கை வரல. இதுல என்னப் பத்தி நல்லதா சொல்ல ஒண்ணும் கெடையாது, அதான் காரணம். ஆனா பெருமாள் எனக்குச் செஞ்சது பெரிய உதவி. அத மறைச்சு வெச்சா அது வேற ஒரு பாவம்.

நான் கடலூர்ல இருக்கேன். சிதம்பரத்துல ஒரு காலேஜ்ல கணக்கு லெக்சரர். முதல் வருஷப் பசங்களுக்கு கால்குலஸ் எடுக்கறேன். எனக்கு கோவம் ஜாஸ்தி, வாயும் ஜாஸ்தி. நான் வராண்டாவுல வந்தா பசங்க பேச்ச நிறுத்திடுவாங்க. அதுல எனக்கு ஒரு பெருமை கூட இருந்தது.

வருஷா வருஷம் முதல் நாள் எல்லார் கையிலயும் ஒரு பேப்பர் குடுப்பேன். என் வகுப்போட ரூல்ஸ். வருகை எழுபத்தஞ்சு சதவீதம் இருக்கணும். மணி அடிச்சு அஞ்சு நிமிஷம் ஆயிட்டா கதவ சாத்திடுவேன். அசைன்மென்ட் திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள என் மேஜைக்கு வரணும். இன்டர்னல் டெஸ்ட் ரெண்டு. அதுல ஒண்ண விட்டாலும் செமஸ்டர் பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன், மறுபடி வெக்கவும் மாட்டேன். டெஸ்ட்ல பெல் அடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்து போகக் கூடாது. கடைசியா ஒண்ணு சேத்திருந்தேன், வீட்ல சாவுன்னு வந்து நிக்கக் கூடாதுன்னு. அதுக்கு முந்தின வருஷம் ஒருத்தன் ஒரே தாத்தாவ ரெண்டு தடவ சாகடிச்சான், அந்தக் கடுப்பு எனக்கு.

2008 ஜூலையில அந்தப் பேப்பர சத்தமா படிச்சிட்டு, "வீட்ல எழவே விழுந்தாலும் டெஸ்ட்ட எழுதிட்டுப் போய் அழுங்க"ன்னு சொன்னேன். பசங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அந்த வகுப்புல கிள்ளையிலேர்ந்து ஒரு பையன் வருவான். செந்தில்னு வெச்சுக்கோங்க, நெசப் பேரு வேண்டாம். அவுங்க அப்பா மினி பஸ் டிரைவர். நான் போர்டுல கணக்க எழுதி முடிக்கறதுக்குள்ள இவன் நோட்டுல விடை இருக்கும். ஆனா வாயத் தொறந்து சொல்ல மாட்டான்.

ஆகஸ்ட் கடைசியிலேர்ந்து ரெண்டு வாரம் ஆளக் காணோம். நான் ரெஜிஸ்டர்ல ஆப்சென்ட் போட்டுக்கிட்டே வந்தேன். ஏன் வரலன்னு ஒருத்தரையும் கேக்கல. செப்டம்பர்ல முதல் டெஸ்ட், ஒரு புதன்கிழமை, காலையில பத்து மணிக்கு. சரியா வந்து உக்காந்தான். மொட்டத் தலை, கசங்கின சட்டை. கேள்வித்தாள் குடுக்கும்போது நான் நின்னு, "என்னடா, திருப்பதிக்கு நடந்தே போய்ட்டு வந்தியா? பதினஞ்சு நாளா?"ன்னு கேட்டேன். கிளாஸே சிரிச்சுது. அவன் தலையக் குனிஞ்சிக்கிட்டான்.

பத்தரைக்கு எழுந்து நின்னான். "மிஸ், முடிச்சிட்டேன். போகட்டுமா மிஸ்?" "ரூல் தெரியுமில்ல? உக்காரு"ன்னேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடியும் எழுந்தான். "பேப்பர கிழிச்சிப் போட்டுருவேன்"னு அதட்டினேன். பதினொன்னரைக்கு பெல் அடிச்சதும் ஓடினான். விடைத்தாள்ல மூணு கணக்கு சரியா இருந்தது. மீதி வெறும் வெள்ளை.

அதோட அவன் காலேஜுக்கு வரல. ஒரு வாரம் கழிச்சு, வருகை கம்மியா இருக்கறவங்க லிஸ்ட்டுல அவன் பேரையும் எழுதிக்கிட்டு இருந்தேன். அவனோட பஸ்ஸுல வர்ற பரங்கிப்பேட்டைப் பையன் வந்து நின்னான். பயந்து பயந்து சொன்னான். "மிஸ், செந்தில் அப்பா ஹார்ட் அட்டாக்ல செத்துட்டாரு மிஸ். டெஸ்ட் அன்னிக்குத்தான் பதினாறாம் நாள் கருமாதி. இவன் ஒரே பையன். சடங்குக்கு நேரத்துக்குப் போய்ச் சேரல. சொந்தக்காரங்க அடிச்சிட்டாங்க. அன்னிக்கு வீட்ட விட்டுப் போனவன், இன்னும் வரல மிஸ்."

எழுதின லிஸ்ட்ட அப்படியே மூடி வெச்சிட்டு, செந்தில் வீடு எங்கன்னு அவன்கிட்டயே கேட்டேன்.

மறுநாளே எங்க வீட்டுக்காரரோட வண்டியில கிள்ளைக்குப் போனேன். திட்டுவாங்க, திட்டட்டும்னு மனச தயார் பண்ணிக்கிட்டுத்தான் போனேன். அவுங்க அம்மா திட்டல. பாய எடுத்துப் போட்டு, "நீங்கதான் கணக்கு டீச்சரா? உங்களப் பத்திதான் எப்பவும் பேசுவான்"னு சொன்னாங்க. அப்புறம் நடந்தத அழுகையோட சொன்னாங்க. "பன்னெண்டு மணிக்கு ராகு காலம், அதுக்குள்ள சடங்க முடிக்கணும்னு ஐயர் சொல்லிட்டாரு. போகாதடான்னேன். பேப்பர்லயே போட்டிருக்குதும்மா, சாவுக்கும் லீவு கெடையாது, இத விட்டா பரீட்சையே எழுத முடியாது, அரை மணியில எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்னு ஓடினான். பன்னெண்டாகியும் வரல. கடைசியில எங்க கொழுந்தன்தான் எல்லாத்தையும் செஞ்சாரு."

அந்தக் கொழுந்தன், செந்திலோட சித்தப்பா, வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாரு. நான் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். "தப்பு பையன் மேல இல்லீங்க. பாதியிலேயே கேட்டான், நான்தான் விடல"ன்னு சொன்னேன். அவரு "எங்ககிட்ட சொல்லிட்டீங்க டீச்சர். எங்க அண்ணன்கிட்ட யாரு சொல்றது?"ன்னு கேட்டாரு. வழி பூரா வண்டிக்குப் பின்னாடி உக்காந்து அழுதுக்கிட்டே வந்தேன்.

போலீஸ்ல எழுதிக் குடுத்திருந்தாங்க. தெரிஞ்ச எடத்துல எல்லாம் தேடிட்டாங்க. எனக்கு வேற போக்கிடம் தெரியல. சாயங்காலம் காலேஜ் விட்டு வந்ததும் தேவநாதப் பெருமாளப் பாக்க திருவந்திபுரம் பஸ் ஏறிடுவேன். கோயில் கிணறு சேஷ தீர்த்தத்துல வேண்டிக்கிட்டு உப்பு, மிளகு, வெல்லம் போட்டேன். செமஸ்டர் வந்தா பசங்களோட ஹால் டிக்கெட்ட எல்லாம் வாங்கிட்டுப் போய் எதிர மலை மேல இருக்குற, படிப்புக்குச் சாமியான ஹயக்ரீவர் கால்ல வெச்சு எடுத்துட்டு வர்றவ நான். இப்போ அந்தப் படியில ஏறவே கூசிச்சு. கீழேயே நின்னு பெருமாளத்தான் கேட்டேன். "அவன் பாஸாக வேண்டாம், படிக்கக் கூட வேண்டாம். உசுரோட அவுங்க அம்மாகிட்ட வந்து சேரட்டும். என் வாய எடுத்துக்கோ, அவனக் குடுத்துடு." ஒரு நாள் பெருமாளோட சண்டையும் போட்டேன். "நான் கண்ணு தெரியாம இருந்தேன், நீ பாத்துக்கிட்டுதானே இருந்த?"ன்னு கேட்டேன்.

அந்தக் கோயில்ல மொட்ட போடற வேண்டுதல் ஜாஸ்தி. புரட்டாசி வேற பொறந்துடுச்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் மொட்டத் தலைதான். ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி போய் முகத்தப் பாப்பேன், அவனா இருக்காது, திரும்பிடுவேன்.

ரெண்டாவது சனிக்கிழமை கூட்டத்துல வரிசையில நிக்கும்போது தாங்க முடியாம அழுதுட்டேன். பக்கத்துல நின்ன அம்மா என்ன ஏதுன்னு கேட்டாங்க. யாருன்னே தெரியாது, ஆனா எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவுங்க கொஞ்சம் யோசிச்சாங்க. "செம்மங்குப்பத்துல கம்பெனிங்களுக்கு எதிர எங்க டீக்கடை இருக்குது. கொஞ்ச நாளா ஒரு பையன் வந்து கிளாஸ் கழுவுறான். மொட்ட அடிச்ச தலையில இப்பத்தான் முடி மொளைக்குது. ஊரு பேரு கேட்டா சொல்ல மாட்டேங்கறான். வட கட்டற பேப்பர்ல என்னமோ எழுதிக்கினே இருப்பான். நீட்டா பாம்பு மாதிரி ஒண்ணப் போடுவான், பக்கத்துல இங்கிலீஷ் எழுத்தா எழுதுவான்"னாங்க.

பாம்பு மாதிரி போடறது கால்குலஸ்ல வர்ற இன்டெக்ரல் குறி. ரெண்டாவது டெஸ்ட்டுக்கு நான் குடுத்திருந்த பாடம். சன்னிதிக்குள்ள கூடப் போகல. அங்கேயே நின்னு கும்பிட்டுட்டு, அந்த அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஆட்டோ புடிச்சேன்.

கடைக்குப் பின்னாடி குத்துக்கால் போட்டு உக்காந்து கிளாஸ் கழுவிக்கிட்டு இருந்தான். என்னப் பாத்ததும் ஈரக் கையோட எழுந்து, "குட் ஈவினிங் மிஸ்"னான். "என்ன மன்னிச்சுடுப்பா"ன்னேன். "ஐயோ மிஸ், நீங்க ரூலத்தானே சொன்னீங்க, நான்தான் வெவரம் சொல்லாம வந்துட்டேன்"னான். அப்புறம் மெதுவா கேட்டான். "சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா மிஸ்?"

விட்டிருப்பேன்னு சொல்ல வாய் வரல. "தெரியலப்பா"ன்னுதான் சொன்னேன். அப்பத்தான் அவன் மொத மொதல்ல அழுதான். அவுங்க அப்பா செத்ததுலேர்ந்து அன்னிக்குத்தான் அழுதானாம், அப்புறமா அவுங்க அம்மா சொன்னாங்க. அன்னிக்கே கிள்ளைக்குக் கூட்டிட்டுப் போய் அவுங்க கையில ஒப்படைச்சோம். செந்தில் அம்மா அவன அடிச்சாங்க, கட்டிப் புடிச்சிக்கிட்டாங்க, மறுபடியும் அடிச்சாங்க.

பிரின்சிபால்கிட்ட, தப்பு என்னுதுன்னு நானே எழுதிக் குடுத்தேன். அவனுக்கு வருகைய சரி பண்ணி, டெஸ்ட்ட மறுபடியும் வெச்சேன். என் சர்வீஸ்ல முதல் மறுடெஸ்ட் அதுதான். பாஸ் பண்ணினான், 2011ல படிப்பையும் முடிச்சான், இப்போ சென்னையில வேலையில இருக்கான். நான் இன்னமும் முதல் நாள் பேப்பர் குடுக்கறேன். கதவ இன்னமும் சாத்தறேன், கண்டிப்பு இல்லாம கணக்கு சொல்லித் தர முடியாது. ஆனா வீட்ல ஏதாவது நடந்தா மொதல்ல என்கிட்ட வந்து சொல்லுங்கன்னு எழுதியிருக்கேன். ரெண்டு நாள் ஒருத்தன் வரலைன்னா நானே வீட்டுக்குப் போன் போடறேன். பொய் சொல்றவன் சொல்லிட்டுப் போகட்டும், எத்தன தாத்தா வேணா சாகட்டும்.

அடுத்த வருஷம் செந்தில் அப்பாவோட தலைத்திவசத்துக்கு என்னையும் கூப்பிட்டாங்க. லீவு போட்டுட்டுப் போனேன். செந்தில் பிண்டம் வெச்சான். ரொம்ப நேரம் எடுத்தான், யாரும் அவன அவசரப்படுத்தல. சித்தப்பாதான் பக்கத்துல நின்னு தோளப் புடிச்சிக்கிட்டாரு. எனக்கு எல போட்டு சோறு வெச்சாங்க. அழுதுக்கிட்டேதான் சாப்பிட்டேன்.

உங்க வீட்ல யாராவது மனசு வெறுத்துப் போயிருந்தா, நீங்க செஞ்ச ஒண்ணால நீங்களே உருகிக்கிட்டு இருந்தா, வெக்கப்படாம பெருமாள் முன்னாடி போய் நில்லுங்க. எனக்குத் தகுதி உண்டான்னு பாக்காதீங்க. எனக்கும் இல்ல, ஆனாலும் குடுத்தாரு. கேட்ட பையன உசுரோட குடுத்தாரு. அந்தப் பதினாறாம் நாள மட்டும் திருப்பிக் கேக்க எனக்கு இன்னும் வாய் வரல. சனிக்கிழமை சனிக்கிழமை போறேன், அவரையே பாத்துக்கிட்டு நிக்கறேன். கேக்காததும் அவருக்குத் தெரியும்.