வேது பிடிக்க ஓர் அறை

எழுபதுகளின் கடைசி வரை சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினேன், மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. தோளில் காண்டாக் கம்பு, அதன் இருபுறமும் பால் வாளி. மேடும் பள்ளமுமாக நடந்து நடந்து என் வலது முட்டி தேய்ந்தது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் ஈப்போவுக்கு வந்தோம். கணவருக்கு ஓர் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்தது.

புது வீட்டில் குளியலறையை ஒட்டி ஒரு சாமான் அறை காலியாகக் கிடந்தது. பத்து காஜா மருத்துவமனையில் முட்டிக்கு ஈரச் சூடு வேண்டும் என்றார்கள். அந்த அறை உனக்குத்தான் என்று கணவர் சொன்னது தைப்பூசத்துக்கு மறுநாள், பசியாறிக்கொண்டிருந்தபோது. நாட்குறிப்பு தவறாமல் எழுதுகிறவள் நான், அதில் இருக்கிறது.

அதன்பின் இரண்டு மாதம், நூலகத்திலிருந்து வீட்டு அலங்காரப் பத்திரிகைகளை எடுத்துவந்து, மலாயும் ஆங்கிலமுமாக, அகராதியோடு படித்தேன். ஒரு பள்ளிக்கூட நோட்டில் மூன்று பத்தி போட்டேன். சௌனா என்பது பலகை அறை, உலர்ந்த சூடு. படத்தைப் பார்த்ததும் தோட்டத்துப் புகைவீடுதான் ஞாபகம் வந்தது. ரப்பர் ஷீட்டைப் போல் என்னையும் காயப் போட வேண்டுமா? வெந்நீர்த் தொட்டி இதமானது. ஆனால் அதன் விளிம்பைத் தாண்டக் காலைத் தூக்க வேண்டும். அது என்னால் ஆகாது. நீராவி ஷவருக்கு ஓடு பதித்த மூடிய அறையும் உட்கார ஒரு மேடையும் போதும். சளி பிடித்தால் போர்வைக்குள் வேது பிடிப்போமே, அதையே உடம்பு முழுவதற்கும் பிடிப்பது. "வேது அறை" என்று நோட்டில் பெயர் எழுதி, அடிக்கோடிட்டுக் கணவரிடம் காட்டினேன்.

"உன் முட்டி, உன் இஷ்டம் லா. வேதுன்னா நொச்சி இலையும் போடணுமா?" என்றார்.

"கோடாலித் தைலம் போதும்."

இருவரும் சிரித்தோம்.

பள்ளி விடுமுறையில் தங்கையின் பிரசவத்துக்காக ஹுத்தான் மெலிந்தாங் போனேன். பஸ் ஏற்றிவிட வந்த கணவர் பையை மடியில் வைத்து, "முட்டிய பாத்துக்க. படி ஏறாத," என்றார். பதினெட்டு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பி வந்து கதவைத் திறந்தால், அந்த அறை முழுக்கப் பலகை. மேலும் கீழுமாய் இரண்டு தட்டு. மூலையில் கல் அடுக்கிய மின்சார அடுப்பு.

"கண்ட்ராக்டர் தப்பா புரிஞ்சிக்கிட்டான். நான் ஸ்டீம்னேன், அவன் சௌனா போட்டுட்டான். ரெண்டும் சூடுதானே?"

நம்பினேன். ஒரு மாதம் முழுக்க நம்பினேன். சனிக்கிழமை மாலைகளில் அவருடைய பேட்மிண்டன் நண்பர்கள் நான்கு பேர் துண்டோடு வந்தார்கள். "மச்சான், சூட்ட ஏத்து லா, இவன் தொப்பை கரையட்டும்!" என்ற சத்தம் சமையலறை வரை வரும். அவர்களுக்குத் தேநீர் கலக்கிவிட்டு, அதே அடுப்பில் வெந்நீர் வைத்து, துணி நனைத்து என் முட்டியில் கட்டிக்கொள்வேன்.

அடுத்து வந்த ஞாயிறு காலை, சௌனாவின் கதவைச் சரிபார்க்க அந்தக் கண்ட்ராக்டர் வந்தார். தோட்டத்துக் கடைக்காரச் சீனரின் மகன். நம்மைப் போலவே தமிழ் பேசுவார். வேலை முடித்துக் கை கழுவும்போது சொன்னார்:

"அக்கா, முட்டி வலி போயிருச்சாமே! நான் ஸ்டீமுக்கு ஓடுகூட எடுத்து வச்சிட்டேன். அண்ணேதான், 'அவளுக்கு நல்லாயிருச்சு, அவளே வேணாம்னுட்டா, சௌனா போடு'ன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"நீங்க தங்கச்சி வீட்டுக்குப் போன அன்னைக்குத்தான். மத்தியானம் என் கடைக்கு வந்தாரு."

காலையில் பஸ். மத்தியானம் கடை. ஹாலில் செய்தித்தாள் புரளும் சத்தம் நின்றிருந்தது. கணவருக்கும் கேட்கிறது என்று தெரிந்தது.

வெளியாள் ஒருவர் முன்னால் கணவரைப் பொய்யராக்க எனக்கு வாய் வரவில்லை. "ஆமா, போயிருச்சு," என்றேன்.

சொன்னபின் அதற்கேற்ப நடக்க வேண்டியதாயிற்று. கண்ட்ராக்டரை வழியனுப்பக் கேட் வரை பதினான்கு தப்படி. சாயாமல், சுவரைப் பிடிக்காமல் நடந்தேன். ஐந்தாவது அடியில் கண் இருட்டியது. அவருடைய வண்டி முனை திரும்பும்வரை நின்றுவிட்டு, அதே மாதிரி திரும்பி வந்தேன்.

கணவர் வாசலுக்கு வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"பாத்தியா, நல்லாத்தானே நடக்கிற," என்றார்.